வரிசை கற்றுக்கொடுத்த வேலைமுறை

தில்லியின் சரோஜினி நகர் என்றால் இன்றைய கல்லூரி மாணவிகளுக்கு நினைவுக்கு வருவது, பேரம் பேசி அள்ளும் ஏற்றுமதி மிச்சத் துணிகள். ஒரு தலைமுறைக்கு முந்தைய தில்லித் தமிழர்களுக்கு அது வேறு ஊர். வரிசை வரிசையாக மத்திய அரசு குவார்ட்டர்ஸ். பக்கத்தில் லட்சுமிபாய் நகரிலும் மோதிபாகிலும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள். கொஞ்சம் தள்ளி ஆர்.கே.புரத்தில் மலை மந்திர். முருங்கைக்காய் வேண்டுமென்றால் ஐ.என்.ஏ. மார்க்கெட். வினய் நகர் என்பது இந்தப் பகுதியின் பழைய பெயர். அங்குள்ள வங்காளிப் பள்ளி ஒன்று இன்னமும் அந்தப் பெயரை விடவில்லை. செக்‌ஷன் ஆபீசர்களும் அசிஸ்டென்ட்களும் ஸ்டெனோக்களும் நிறைந்த அந்தக் குடியிருப்பில், கோடை விடுமுறை நெருங்கினாலே பேச்சு ஒன்றுதான். எல்.டி.சி. (விடுமுறைப் பயணச் சலுகை) போட்டாச்சா, டிக்கெட் கிடைச்சுதா?

ஊருக்குப் போக ஜி.டி. எக்ஸ்பிரஸ் இருந்தது. 1976 ஆகஸ்டில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் வந்தது. ரயில் இருந்ததே தவிர, அதில் ஒரு பெர்த் வாங்குவது தனி வேலை. அரை நாள் லீவு போட்டு, புது தில்லி ஸ்டேஷன் பக்கம் போய், எந்த ரயிலுக்கு எந்த ஜன்னல் என்று விசாரித்து, அந்த ஜன்னல் வரிசையில் நிற்க வேண்டும். தப்பான வரிசையில் ஒரு மணி நேரம் நின்றவர்கள் மறுபடி கடைசியில் போய் நிற்பார்கள். அதை ஒரு குறையாகக்கூட யாரும் சொல்லவில்லை. அப்படித்தான் என்று இருந்தது.

ஏன் ஒவ்வொரு ரயிலுக்கும் தனி ஜன்னல்? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இந்தியாவின் முதல் பெரிய பொதுமக்கள் மென்பொருள் ஒன்றின் கதை தொடங்குகிறது. ரயிலின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சார்ட். வகுப்பு, பெட்டி, பெர்த் எண் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். குமாஸ்தா அதில் பெயரை எழுதுவார். பிறகு அட்டை டிக்கெட்டின் முதுகில் பெட்டி எண்ணையும் பெர்த் எண்ணையும் கிறுக்கித் தருவார். ஒரு சார்ட் ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க முடியும். இரண்டு ஜன்னலில் ஒரே ரயிலுக்கு டிக்கெட் கொடுத்தால் ஒரே பெர்த்தை இருவருக்கு விற்கும் ஆபத்து. ஆக, சார்ட் எந்த மேஜையில் இருக்கிறதோ அங்கேதான் வரிசை. ஜி.டி. ஜன்னலில் ஐம்பது பேர் நிற்க, பக்கத்து ஜன்னல் குமாஸ்தா டீ குடித்துக்கொண்டிருப்பார். அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை.

சென்னையிலிருந்து திரும்பி வரும் டிக்கெட் இதைவிடக் கஷ்டம். அந்த சார்ட் சென்னையில் இருக்கிறது. தில்லியிலிருந்து தந்தி போகும், பதில் வரும், வராமலும் போகும். இதற்கு நடுவே பெண்களுக்கான ஒதுக்கீடு, ராணுவத்தினருக்கு, அவசரத் தேவைக்கு, வழியில் உள்ள ஸ்டேஷன்களுக்கு என்று தனித்தனி ஒதுக்கீடுகள். ஆர்.ஏ.சி., வெயிட்டிங் லிஸ்ட். மாணவர், நோயாளி, சுதந்திரப் போராட்ட வீரர் என்று சலுகைகள். விதிகள் சுற்றறிக்கைகளில் இருந்தன. விதிவிலக்குகள் பெரும்பாலும் பழுத்த குமாஸ்தாக்களின் தலைக்குள் இருந்தன.

இதைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு சி.எம்.சி. நிறுவனத்துக்கு வந்தது. 1975இல் அரசு தொடங்கிய கம்பெனி அது. 1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனபோது, அது விட்டுச்சென்ற இயந்திரங்களைப் பராமரித்தவர்கள் இவர்கள்தான். அந்தப் பின்னணி முக்கியம். பழுது பார்க்கிறவன் வாடிக்கையாளர் இடத்துக்குப் போயே ஆக வேண்டும். இயந்திரத்தை யார், எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கண்ணால் பார்ப்பான். இந்த வழக்கத்தோடு வந்தவர்கள், தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கை மட்டும் எழுதுகிறவர்களாக இருக்க முடியாது.

1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில், புது தில்லியில் இம்ப்ரெஸ் என்ற முன்பதிவு மென்பொருள் பரீட்சார்த்தமாக ஓடத் தொடங்கியது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் வாக்ஸ் ரகக் கணினி, அதோடு கம்பியால் இணைத்த திரைகள், கறமுறவென்று டிக்கெட் அச்சிடும் பிரிண்டர்கள். ஒரே நாளில் இந்திய ரயில்வே முழுவதும் மாறிவிடவில்லை. ஓர் ஊர், அதில் கொஞ்சம் கவுண்ட்டர்கள், கொஞ்சம் ரயில்கள். அது நிலைத்ததும் அடுத்தவை. 1987இல் பம்பாய், கல்கத்தா, சென்னை. பிறகு செகந்திராபாத்.

பயணிகளுக்குக் கிடைத்தது ஒற்றை வரி மாற்றம்: எந்த ஜன்னலிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட். சார்ட் ஒருவர் கையில் அடங்கிய பொருளாக இல்லாமல் போனதன் விளைவு. ஆனால் அந்த ஒற்றை வரிக்காக ஜன்னலுக்கு உள்ளே மாறிய வேலை ஏராளம். அதுவரை ஜி.டி. மட்டும் தெரிந்த குமாஸ்தா இனி எல்லா ரயிலையும் தெரிந்துகொள்ள வேண்டும். பயணி வாயால் சொன்னதைக் கேட்டு எழுதியவர், இனி பயணி நிரப்பித் தரும் படிவத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். ரயில் எண், தேதி, எங்கிருந்து எங்கே, வகுப்பு, பெயர், வயது, ஆணா பெண்ணா, கீழ் பெர்த்தா மேல் பெர்த்தா. ஒரு படிவத்தில் ஆறு பேர். புது தில்லி ஸ்டேஷனுக்குக் குறியீடு என்.டி.எல்.எஸ்., சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ். மெட்ராஸ் சென்னையாகி, சென்ட்ரலுக்குப் பெயர் மேல் பெயர் வந்தும் அந்த எம்.ஏ.எஸ். அசையவில்லை. குமாஸ்தாக்களின் விரல்கள் பழகிவிட்ட ஒன்றை மாற்றுவதற்கு எந்த நிரலாளரும் துணியமாட்டார்.

கணினி வந்தால் வேலை போய்விடும் என்ற பயம் அப்போது தொழிற்சங்கங்களில் பரவலாக இருந்தது. வங்கிகளிலும் ஆயுள் காப்பீட்டிலும் அதற்காகப் பெரிய போராட்டங்களே நடந்திருந்தன. முன்பதிவு ஜன்னலிலும் குமாஸ்தாவின் சம்மதமில்லாமல் ஒன்றும் நகர்ந்திருக்காது. அவர் தலைக்குள் இருந்த விதிவிலக்குகளை அவர் வாயைத் திறந்து சொன்னால்தான் நிரலில் ஏறும்.

அதே 1985 ஜூன் மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு தர ஆவணத்தை வெளியிட்டது. 2167 என்று எண்ணிட்ட அந்த ஆவணம், ராணுவத்துக்கான மென்பொருளை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று சொன்னது. முதலில் தேவைகளை முழுமையாக எழுது, பிறகு வடிவமை, பிறகு நிரல் எழுது, கடைசியில் சோதி. ஒவ்வொரு படிக்கும் கட்டுக்கட்டாகக் காகிதம். அருவி முறை என்று பெயர் வாங்கிய இந்த வழிக்குப் பலரும் ஆதாரமாகக் காட்டியது வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரையை. அந்தப் படத்தை வரைந்த ராய்ஸே, இப்படி ஒரே போக்கில் போனால் சிக்கல் கடைசியில்தான் தெரியும், அப்போது திரும்பிப் போவது ஆபத்து என்று அதே கட்டுரையில் எச்சரித்திருந்தார். படத்தைப் பார்த்தவர்கள் பலர், பத்தியைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

உலகின் பெரிய பாதுகாப்புத் துறை முழுமையான தேவைப் பட்டியலைக் கேட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டில், இங்கே தில்லி என்ற ஒரே ஊரில் சில ஜன்னல்களில் தொடங்கினார்கள். கோட்பாடு எதையும் நம்பி அப்படிச் செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. தேவைப் பட்டியல் முழுமையாக எழுதக்கூடியதாக இல்லை என்பதே உண்மை. ஒதுக்கீட்டு விதி மாறிக்கொண்டே இருக்கும். ரயில் கூடும், பெட்டி குறையும், பட்ஜெட்டில் கட்டணம் மாறும். எழுதி முடிப்பதற்குள் பட்டியல் பழசாகிவிடும்.

1986இல் ரயில்வே அமைச்சகம் தனக்கென்று ஒரு மென்பொருள் அமைப்பைத் தொடங்கியது. கிரிஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ரயில்வே தகவல் அமைப்பு மையம். சரோஜினி நகரிலிருந்து பார்த்தால் அது அயல்வீடு. தில்லியின் சுற்று ரயில் பாதையில் சரோஜினி நகருக்கு ஒரு ஸ்டேஷன் உண்டு. அடுத்த நிறுத்தம் சஃப்தர்ஜங். அதைத் தாண்டி சாணக்கியபுரி, ரயில் அருங்காட்சியகம், அதன் பக்கத்தில் கிரிஸ். 1982 ஆசிய விளையாட்டுக்காக மெருகேற்றப்பட்ட அந்தச் சுற்று ரயிலில் இன்று ஏறுகிறவர்கள் சொற்பம். பிற்பாடு நகரின் பல பகுதிகளில் கிளை முன்பதிவு மையங்கள் திறந்தபோது சரோஜினி நகருக்கும் ஒன்று கிடைத்தது. நிரல் எழுதும் இடமும் அது ஓடும் ஜன்னலும் அதிக தூரமில்லாமல் அமைந்தது தற்செயல்தான். ஆனால் தற்செயலாக அமையாத ஒன்றும் உண்டு. கிரிஸில் மென்பொருள் ஆட்களோடு, ரயில்வேயிலிருந்து டெபுடேஷனில் வந்த அதிகாரிகளும் ஒரே குழுவில் இருந்தார்கள். வணிகப் பிரிவிலும் இயக்கப் பிரிவிலும் பல ஆண்டு வேலை பார்த்து, ஒதுக்கீடு என்றால் என்ன என்று அறிந்தவர்கள். இன்றைய மென்பொருள் குழுக்களில் ப்ராடக்ட் ஓனர் என்று ஒரு பதவி வைத்து, அவர் தொழிலைத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று பாடம் எடுக்கிறார்கள். கிரிஸ் அதைப் பணியாளர் விதியாகவே வைத்திருந்தது.

இம்ப்ரெஸ் ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியாக இயங்கியது. தில்லியின் கணினிக்குச் சென்னையின் பெர்த்கள் தெரியாது. ஆகவே திரும்பும் டிக்கெட் தலைவலி தீரவில்லை. கிரிஸ் எழுதிய கான்சர்ட் என்ற மென்பொருள்தான் அதைத் தீர்த்தது. 1994இல் முதலில் செகந்திராபாத்தில். பிறகு ஒவ்வொரு மையமாக. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் ஒன்றாக இணைந்தன. லட்சுமிபாய் நகரில் குடியிருப்பவர் இனி திருச்சிக்குப் போய்த் திரும்பும் இரண்டு டிக்கெட்டையும் ஒரே ஜன்னலில் வாங்கலாம். அதிலும் எல்லா மையங்களையும் ஒரே இரவில் மாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் எடுத்தது.

இப்படிச் சிறிதாகத் தொடங்கி, பார்த்துத் திருத்திக்கொண்டே போகும் வேலைக்கு ஒரு வம்சாவளி உண்டு. அதில் இந்தியாவுக்கு யாரும் அதிகம் பேசாத ஒரு பங்கும் உண்டு.

அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்ட்டர் ஷூஹார்ட் என்ற இயற்பியலாளர் 1924இல் ஒரே ஒரு பக்கக் குறிப்பில் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்தார். தொழிற்சாலையில் வரும் பொருளை முடிவில் சோதித்துத் தள்ளுவதற்குப் பதில், செய்யும்போதே அளந்து, ஏன் விலகுகிறது என்று கேட்பது அதன் நோக்கம். 1939இல் வந்த அவரது நூலில், வகுத்துக்கொள், செய், பரிசோதி, மறுபடி வகுத்துக்கொள் என்று அந்த வேலை ஒரு வட்டமாகவே ஆகிவிட்டது. நூலைப் பதிப்பித்தவர் எட்வர்ட்ஸ் டெமிங். புள்ளியியலாளர் பி.சி. மகாலனோபிஸின் அழைப்பில் ஷூஹார்ட் 1947-48இல் இந்தியாவுக்கு வந்தார். இங்கே புள்ளியியல் வழித் தரக் கட்டுப்பாட்டுக்கு விதை போட்டது அந்தப் பயணம்தான். அதைத் தொடர்ந்து இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அந்த வேலையை எடுத்துச் சென்றது. டெமிங் ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் புகழ்பெற்ற உரைகளை ஆற்றியது 1950இல். ஆக, விதை இங்கே முன்னதாகவே விழுந்தது. ஜப்பானில் அது காடானது. இங்கே ஆய்வு நிறுவனத்தின் தோட்டத்துக்குள் நின்றுவிட்டது. பாதுகாக்கப்பட்ட சந்தையில், செய்த எல்லாவற்றையும் விற்க முடிந்த தொழிற்சாலைகளுக்கு அளந்து பார்க்க என்ன அவசரம்?

பிறகு அது ஜப்பான் வழியாகத் திரும்பி வந்தது. 1980இல் ஹைதராபாத்தின் பி.எச்.இ.எல். ஆலையில், தொழிலாளர்களே கூடித் தரத்தைப் பற்றிப் பேசும் தரவட்டங்கள். 1983 டிசம்பரில் குர்காவ்னில் மாருதி; அங்கே மேலாளருக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன், காலையில் சேர்ந்து உடற்பயிற்சி. தில்லி அரசு அலுவலகங்களில் சாப்பாட்டு அறையே பதவிக்குத் தக்கபடி பிரிந்திருந்த காலத்தில் இது சிரிப்பையும் வியப்பையும் சேர்த்தே கிளப்பியது. 1998இல் சென்னையின் சுந்தரம் கிளேட்டன் டெமிங் விருதை வாங்கியது. இந்தியாவில் முதல் நிறுவனம் அதுதான்.

மென்பொருளுக்கு வந்தபோது ஷூஹார்டின் வட்டம் இரண்டாகக் கிளைத்தது. ஒரு கிளை, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வாட்ஸ் ஹம்ஃப்ரி வளர்த்த சி.எம்.எம். ஒரு நிறுவனத்தின் வேலைமுறை எவ்வளவு பக்குவப்பட்டது என்று ஒன்று முதல் ஐந்து வரை நிலை கொடுக்கும் அளவுகோல். இன்னொரு கிளைதான் அஜைல்: சிறுசிறு படியாகச் செய்து, பயன்படுத்துகிறவரிடம் காட்டித் திருத்திக்கொண்டே போகும் முறை. இந்தியா முதல் கிளையைத் தாவிப் பிடித்தது. 1990களின் நடுவில் பெங்களூரின் மோட்டரோலா மையம் ஐந்தாம் நிலையைத் தொட்டது. நூற்றாண்டு திரும்பும்போது உலகில் அந்த நிலை பெற்ற மையங்களில் பாதிக்கு மேல் இந்தியாவில் இருந்தன. காரணம் எளிது. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு கம்பெனியை அமெரிக்க வாடிக்கையாளர் எதை வைத்து நம்புவார்? சான்றிதழை வைத்து. தணிக்கையாளர் வருகிறார் என்றால் இரவோடிரவாகக் கோப்பு தயாரிப்பது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. அதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அந்த ஒழுங்குதான் கல்லூரி முடித்து வந்த ஆயிரக்கணக்கான பேரை ஒரே தரத்தில் வேலை செய்ய வைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதில் விட்டுப்போனது வேறு. நிரல் எழுதியவருக்கு அதைப் பயன்படுத்துகிறவரின் முகம் தெரியாது. ஜன்னல் கண்டத்துக்கு அப்பால் போய்விட்டது.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அவர்களில் ஜெஃப் சதர்லாண்டும் கென் ஷ்வேபரும் 1995இலேயே ஸ்க்ரம் முறையைப் பொதுவில் வைத்திருந்தவர்கள்; அதற்கு அவர்கள் பெயர் எடுத்தது, 1986இல் டாக்கேயூச்சி, நொனாக்கா என்ற இரு ஜப்பானியப் பேராசிரியர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து. ஹோண்டா, கேனன் போன்ற கம்பெனிகளில் புதுப் பொருளை உருவாக்கும் குழுக்கள் எப்படி இயங்கின என்பதைப் பற்றியது அது. வம்சாவளி இங்கேயும் ஜப்பானைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அறிக்கையோடு சேர்ந்த 12 கொள்கைகளில் கடைசியானது, குழு அவ்வப்போது நின்று, தன் வேலை எப்படிப் போகிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்கிறது.

அந்தக் கடைசிக் கொள்கைதான் பிற்பாடு ஒரு தொழிலாகவே ஆனது. நார்மன் கெர்த் 2001இல் அதற்கென்று ஒரு நூல் எழுதினார். 2006இல் எஸ்தர் டர்பியும் டயானா லார்சனும் எழுதியது இன்றும் குழுக்களுக்கு அஜைல் முறையைப் பழக்கும் பல கோச்களின் மேஜையில் இருக்கிறது. இரண்டு வாரம் வேலை செய், அதுதான் ஸ்பிரிண்ட். முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார், அதுதான் ரெட்ரோ. எது நன்றாகப் போனது, எங்கே சிக்கியது, அடுத்த முறை எதை மாற்றுவது என்று பலகையில் சீட்டு ஒட்டுவார்கள். கெர்த் ஒரு நிபந்தனை வைத்தார்: அன்று தெரிந்ததையும் இருந்த வசதியையும் வைத்து எல்லோரும் முடிந்தவரை நன்றாகத்தான் செய்தார்கள் என்று நம்பிக்கொண்டு கூட்டத்தைத் தொடங்க வேண்டும். யார் தப்பு என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்திய அலுவலகத்தில் அந்த நிபந்தனை இன்னும் கனமானது. மேலாளர் உட்கார்ந்திருக்கும் அறையில், சேர்ந்து ஆறு மாதமான பெண், "சார், நீங்க வியாழக்கிழமை சாயங்காலம் தேவையை மாத்தினதாலதான் இது சிக்கிச்சு" என்று சொல்வாளா? சொல்லமாட்டாள். 'கம்யூனிகேஷன் இன்னும் மேம்படணும்' என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுவாள். அடுத்த ஸ்பிரிண்டிலும் அதே சீட்டு வரும். தேர்ந்த கோச் இதை வேறு வழியில் அணுகுவார். முதலில் பெயர் போடாத சீட்டுகள். பிறகு பேச்சைக் குறைத்துத் தேதிகளை மட்டும் பலகையில் வரையச் சொல்வது: இந்த வேலை எப்போது வந்தது, யாரிடம் எத்தனை நாள் காத்திருந்தது, எப்போது முடிந்தது. கோடு இழுத்ததும் வியாழக்கிழமை தானாகத் தெரியும். அப்போது மேலாளரே, "ஓ, அது நான்தான்" என்பார். மாற்ற வேண்டியது பத்து வந்தாலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வார். அடுத்த ரெட்ரோவில் முதல் கேள்வியே அந்த ஒன்று என்னாயிற்று என்பதாக இருக்கும். ஷூஹார்ட் திருகாணிக்கும் தொலைபேசிக் கருவிக்கும் செய்ததை இவர் வியாழக்கிழமைக்குச் செய்கிறார்.

அஜைல் இந்தியாவுக்கு வந்த வழியும் கவனிக்கத்தக்கது. தாட்ஒர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2001இல் பெங்களூரில் அலுவலகம் திறந்தது. ஸ்னோபேர்டில் கூடிய பதினேழு பேரில் ஒருவரான மார்ட்டின் ஃபவுலர் அந்த அனுபவத்தைப் பிறகு எழுதினார். நேரில் பேசுவதை நம்பும் ஒரு முறை, இரு கண்டங்களுக்கு நடுவே எப்படி ஓடும் என்பது கேள்வி. அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று தூதர்கள்: அங்கிருந்து ஒருவர் இங்கே சில மாதம் வந்து உட்காருவது, இங்கிருந்து ஒருவர் அங்கே போய் உட்காருவது. முன்பதிவு ஜன்னல் பக்கத்திலேயே இருந்த கிரிஸுக்குத் தேவைப்படாத செலவு அது. அதே பத்தாண்டில் நரேஷ் ஜெயினும் மற்றவர்களும் சேர்ந்து இந்திய அஜைல் மென்பொருள் சமூகம் என்ற அமைப்பைத் தொடங்கி மாநாடுகள் நடத்தினார்கள். பிறகு சான்றிதழ்கள் வந்தன. ஐந்தாம் நிலைக்கு ஓடிய அதே வேகத்தில் ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழுக்கும் ஓடினார்கள். நின்றுகொண்டே பத்து நிமிடம் பேச வேண்டிய ஸ்டாண்டப், முக்கால் மணி நேரம் உட்கார்ந்து மேலாளரிடம் கணக்கு ஒப்பிக்கும் கூட்டமாக எத்தனையோ அலுவலகங்களில் மாறியது. ஒரு காலத்தில் கோப்பில் எழுதியதை இப்போது ஜிரா என்ற மென்பொருளில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

முன்பதிவு மென்பொருள் இதற்கிடையே தன் பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. 2002 ஆகஸ்ட் 3 முதல் ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் இணையத்தில் டிக்கெட் விற்றது. முதலில் பணம் கட்டினால் அச்சிட்ட டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும். 2010 டிசம்பர் 20 அன்று நாடு முழுவதும் ரயில் எண்கள் நான்கு இலக்கத்திலிருந்து ஐந்து இலக்கத்துக்கு மாறின. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 2621 என்பது 12621 ஆனது. முன்னால் ஒரு ஒன்று சேர்ந்தது, அவ்வளவுதானே என்று பயணிக்குத் தோன்றும். ஆனால் முன்கூட்டியே விற்றுத் தீர்ந்த டிக்கெட்டுகள் பழைய எண்ணோடு மக்கள் கையில் இருந்தன. சார்ட், அறிவிப்புப் பலகை, கால அட்டவணை, விசாரணைக் கவுண்ட்டர் எல்லாம் ஒரே நள்ளிரவில் புது எண்ணுக்குப் போக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்தாமல் மாற்றுவது என்றால் என்ன என்று கேட்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

கடைசி நேர டிக்கெட்டுக்கான தத்கால் முறையின் கதை இன்னும் ருசிகரமானது. காலை எட்டு மணிக்குப் பொது முன்பதிவும் தத்காலும் சேர்ந்தே திறந்தன, இணையதளம் திணறியது. திரையில் சுழலும் வட்டத்தைப் பார்த்தபடி குடும்பம் முழுக்கக் காத்திருந்தது. கணினியைப் பெரிதாக்குவது ஒரு வழி. 2014 ஆகஸ்டில் கிரிஸ் எழுதிய புதிய இணைய முன்பதிவு அமைப்பு வந்தபோது நிமிடத்துக்கு 2000 டிக்கெட் என்றிருந்த கொள்ளளவு 7200 ஆனது. ஆனால் அதற்கு முன்பே, 2012 ஜூலையில் தத்காலை எட்டிலிருந்து பத்து மணிக்குத் தள்ளியிருந்தார்கள். 2015 ஜூனில் அதையும் இரண்டாகப் பிரித்தார்கள்: ஏ.சி. வகுப்புக்குப் பத்து, மற்றவற்றுக்குப் பதினொன்று. இந்த இரண்டு மாற்றமும் நேரப் பலகையில் செய்தவை. கூட்டம் ஏன் ஒரே நொடியில் வருகிறது என்று கேட்டவருக்குத்தான் இந்த விடை கிடைக்கும். இன்னும் எத்தனை சர்வர் வேண்டும் என்று மட்டும் கேட்டவருக்குக் கிடைக்காது. வயதானவர்களும் 45 வயதைக் கடந்த பெண்களும் கேட்காமலே கணினி அவர்களுக்குக் கீழ் பெர்த்தைத் தேடுவதும் இப்படித்தான். இருந்தால் கொடுக்கும். பாட்டியைக் கீழே படுக்க வைக்க எதிர் இருக்கைக்காரரிடம் கெஞ்சிய அனுபவம் எல்லா வீட்டிலும் உண்டு; அதை யாரோ ஒருவர் விதியாக எழுதி நிரலுக்குள் வைத்தார்.

சரோஜினி நகரின் அந்தப் பழைய குவார்ட்டர்ஸ்களில் பெரும்பகுதி இப்போது இல்லை. 2016இல் மத்திய அமைச்சரவை ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட ஒப்புதல் தந்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் மூன்றும் என்.பி.சி.சி. நிறுவனத்தின் கைக்குப் போயின. மரம் வெட்டும் பிரச்சினை 2018இல் உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஓய்வு பெற்ற தமிழ்க் குடும்பங்கள் துவாரகாவுக்கும் நொய்டாவுக்கும் குருகிராமுக்கும் போய்விட்டன. அவர்கள் பிள்ளைகளில் கணிசமானவர்கள் அங்கே மென்பொருள் கம்பெனிகளில் ஸ்பிரிண்டுக்கு ஸ்பிரிண்ட் வேலை செய்கிறார்கள். பொங்கலுக்கு ஊர் போக அறுபது நாள் முன்னதாகக் காலை எட்டு மணிக்குக் கைப்பேசியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். 120 நாளாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் அறுபதாகக் குறைந்தது.

2025 ஜூலை 1, கிரிஸின் நிறுவன நாள். அன்று ரயில்ஒன் என்ற செயலியை வெளியிட்டார்கள். முன்பதிவு அமைப்பின் கொள்ளளவை நிமிடத்துக்கு 32,000 டிக்கெட்டிலிருந்து ஒன்றரை லட்சமாக உயர்த்தும் திட்டத்தையும் அதே சமயம் ரயில்வே அறிவித்தது. அந்த எண்கள் தலைப்புச் செய்தியாயின. அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்த சின்னச் சோதனை அவ்வளவு பேசப்படவில்லை. ரயில் புறப்பட நான்கு மணி நேரம் இருக்கும்போது சார்ட் தயாராவதுதான் அதுவரை வழக்கமாக இருந்தது. வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவருக்கு இடமில்லை என்று தெரிவதற்குள் அவர் பெட்டி படுக்கையோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பியிருப்பார். இதை 24 மணி நேரமாக்கினால் என்ன என்று ராஜஸ்தானின் பிகானேர் கோட்டத்தில் மட்டும் ஜூன் மாதம் முயன்று பார்த்தார்கள். பிறகு நாடு முழுவதற்கும் படிப்படியாகக் கொண்டுவர முடிவானபோது எண் 24 அல்ல, எட்டு. மதியம் இரண்டு மணிக்கு முன் கிளம்பும் ரயிலுக்கு முந்தின இரவு ஒன்பது மணிக்கே சார்ட் என்று அப்போது வைத்தார்கள்.